முகமூடிய கழட்டுனா உள்ள யாரு? சூப்பர்ஹீரோ படம் பாக்குறது பத்தி டர்பன்ல அடிக்கடி கேக்குற கேள்விகள்

தென்னாப்பிரிக்காவுல இருக்குற டர்பன் ஊர்ல நாங்க ஒரு பதினஞ்சு பேரு தமிழ் பேசுற செட்டு. பாதிப்பேரு என்னைய மாதிரி வேலைக்குன்னு ஊர்லேர்ந்து வந்து இங்கயே தங்கிட்டவங்க, மீதி நாலஞ்சு தலைமுறையா இந்த நாட்டுல இருக்குற, டர்பன்லயே இந்தியக் குடும்பங்க நெறைய இருக்குற சாட்ஸ்வொர்த் ஏரியாப் பசங்க, சனிக்கிழமை தமிழ் க்ளாஸ்ல இப்பதான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறாங்க, வாயைத் தொறந்தா பாதி தமிழ் பாதி டர்பன் இங்கிலீஷ். பெரிய சூப்பர்ஹீரோ படம் எது வந்தாலும் மொத்தமா கெளம்பிப் போவோம், முடிஞ்சதும் பன்னி சௌ (ரொட்டிய குடைஞ்சு உள்ள குழம்பு ஊத்தித் தர்ற இந்த ஊர் சாப்பாடு) கடை வாசல்ல நின்னுக்கிட்டு குடைஞ்ச ரொட்டியப் பிச்சு மட்டன் குழம்புல முக்கிக்கிட்டே சண்டை போடுவோம், ஹீரோ செட் ஆனானா, காமெடி ஓவரா, கதைன்னு ஒண்ணு இருந்துச்சா இல்லயான்னு. ஒவ்வொரு படத்துக்கும் அதே கேள்விங்கதான் வருது. கையெல்லாம் குழம்போட திரும்பத் திரும்ப பதில் சொல்லி முடியல, அதான் ஒரே தடவையா எழுதிட்டேன்.

சும்மா ஜாலியா பாக்குற படத்துக்கு எதுக்கு இவ்ளோ ஆராய்ச்சி?

ஜாலியா இருந்துச்சா இல்லயாங்கறதே ஒரு தீர்ப்புதானே. டிக்கெட்டு, பார்க்கிங்கு, பாப்கார்னுன்னு ஒரு குடும்பம் போயிட்டு வந்தா அந்த வாரத்துக் காய்கறிக் காசு காலி, அப்புறம் "பரவால்ல, சண்டை நல்லாருந்துச்சு"ன்னு விட்டுட முடியுமா. சண்டை எல்லாப் படத்துலயும் நல்லாத்தான் இருக்கும், அதுக்குன்னே நூத்துக்கணக்கான பேரு கம்ப்யூட்டர் முன்னாடி ராப்பகலா உக்காந்து வேலை பாக்குறாங்க. நான் பாக்குறது சண்டை இல்லாத எடத்த. முகமூடிய கழட்டி வச்சிட்டு ஒருத்தன் அடுப்படில நின்னு அம்மாகிட்ட பேசுறான்ல, அந்த ரெண்டு நிமிஷத்துல நீங்க போனை எடுத்து மணி பாத்தீங்கன்னா படம் அவுட்டு.

காஸ்டிங் சரியா இருக்கான்னு எதை வச்சு சொல்றீங்க?

தோளை வச்சு. சிரிக்காதீங்க. 1978ல வந்த சூப்பர்மேன் படத்துல கிறிஸ்டோபர் ரீவ் பண்ற ஒரு சின்ன சீன் இருக்கு. அவனுக்குப் பிடிச்ச பொண்ணு லோயிஸ் வீட்டுல அவ உள்ள ரூமுக்குப் போயிருக்கா, இவன் கிளார்க்கா, அதாவது சாதாரண ஆளு வேஷத்துல, கூன் போட்டு கண்ணாடியோட தனியா நிக்கிறான். உண்மைய சொல்லிடலாமான்னு அவனுக்குத் தோணுது. கண்ணாடிய கழட்டுறான், முதுகு நிமிருது, தோள் விரியுது, குரல் எறங்கி கனமா ஆகுது, சட்டைகூட மாத்தல, ஆனா அங்க நிக்கிறது வேற ஆளு. அப்புறம் தைரியம் போயி கண்ணாடிய மாட்டிக்கிட்டு பழையபடி சுருங்கிடுறான். ஒரு கிராஃபிக்ஸும் கெடையாது. வெறும் கண்ணாடி போட்டா அடையாளம் தெரியாதான்னு காலங்காலமா கிண்டல் பண்றோமே, அந்த சீனைப் பாத்தப்புறம் எனக்கு அந்தக் கிண்டல் வரல.

இந்த வேலைல நடிகனோட முகத்துல பாதிய ரப்பர் வச்சு மூடிடுறாங்க, பாருங்க. மிச்சம் இருக்குறது வாயி, தாடை, குரல், தோள், நடை. அழகான மூஞ்சிய நம்பி ஆள் எடுத்தவங்க மாட்டிக்கிறது இங்கதான்.

அப்புறம் இன்னொண்ணு, ஆளை அறிவிச்ச அன்னைக்கே தீர்ப்பு சொல்லிடாதீங்க. மைக்கேல் கீட்டன பேட்மேனா போட்டப்ப, காமெடி பண்றவனப் போயி போடுறீங்களேன்னு ஸ்டூடியோவுக்கு ஒரு 50,000 லெட்டர் போச்சுன்னு சொல்வாங்க. 1989ல படம் வந்துச்சு, வாய மூடிக்கிட்டாங்க. 2006ல ஹீத் லெட்ஜர்தான் பேட்மேன் படத்து வில்லன் ஜோக்கர்னு சொன்னப்பவும் இதே கூத்துதான், நானும் ஹாஸ்டல்ல உக்காந்து இவனெல்லாம் தாங்க மாட்டான்னு பந்தயம் கட்டுனவன். 2008ல படம் வர்றதுக்கு முன்னாடியே மனுசன் போயிட்டான், அடுத்த வருஷம் ஆஸ்கர வீட்டுக்காரங்கதான் வாங்கிக்கிட்டாங்க. நான் கொடுக்க வேண்டிய பிரியாணிய கொடுத்துட்டேன், ஆனா அந்தப் பந்தயம் கட்டுனது இன்னும் ஒரு மாதிரியாத்தான் இருக்கு.

காமிக்ஸ்ல வரைஞ்ச மாதிரியே ஆளு இருக்கணுமா?

வேண்டாம். கைலேர்ந்து கத்தி மாதிரி நகம் நீளுற எக்ஸ்மென் ஹீரோ வோல்வரின் காமிக்ஸ்ல அஞ்சேகால் அடி குள்ளன், ஹியூ ஜாக்மன் ஆறடிக்கு மேல. அதுவும் மொதல்ல எடுத்த ஆளுக்கு வேற பட ஷூட்டிங் இழுத்துக்கிட்டதால கடைசி நேரத்துல உள்ள வந்தவரு. 2000லேர்ந்து இன்னைக்கு வரைக்கும் வேற யாரையாச்சும் அந்த நகத்தோட உங்களால நெனச்சுப் பாக்க முடியுதா?

பிளாக் பேந்தர்ல ஆக்சென்ட் தப்புன்னு சிலர் சொல்றாங்க, சூப்பர்னு சிலர் சொல்றாங்க. யாரு சரி?

இந்தக் கேள்விக்குத்தான் எங்க செட்டுல ரொட்டியே பறக்கும். வேற ஊர்ல இருக்குறவங்களுக்கு அது ஏதோ ஒரு ஆப்பிரிக்க பாஷை, எங்களுக்கு அது பக்கத்து டேபிள்ல கேக்குற பாஷை.

விஷயம் என்னன்னா, படத்து ஹீரோ ராஜாவா இருக்குற வகாண்டாங்கறது கற்பனை நாடு, கிழக்கு ஆப்பிரிக்கா பக்கம்னு வச்சிருக்காங்க. ஆனா அங்க பேசுறது கோசா, அது எங்க தென்னாப்பிரிக்காவுல ஈஸ்டர்ன் கேப் மாகாணத்து பாஷை. எப்படி உள்ள வந்துச்சுன்னா, 2016ல வந்த கேப்டன் அமெரிக்கா: சிவில் வார் படத்துல கிழவர் ராஜாவா நடிச்சவரு ஜான் கானி, போர்ட் எலிசபெத் நியூ பிரைட்டன்ல பொறந்த பெரிய நாடக நடிகர், 1975லயே அமெரிக்காவுல டோனி அவார்டு வாங்குனவரு. அப்பனும் மகனும் தனியா நின்னு பேசுறப்ப எதுக்கு இங்கிலீஷ்ல பேசணும்னு ஸ்பாட்லயே கேட்டு, தன் பாஷையவே எடுத்துக் கொடுத்திருக்காரு. மகனா, அதாவது பிளாக் பேந்தரா நடிச்ச சாட்விக் போஸ்மன் அத அவர்கிட்டயே கத்துக்கிட்டாரு. 2018 படம் வர்றப்ப அது அந்த நாட்டு பாஷையாவே ஆயிடுச்சு. அதே படத்துல அந்த ராஜாவோட இளவயசுக்கு வர்றது ஜான் கானியோட சொந்த மகன் அட்டாண்ட்வா கானி. அப்பா ராஜா, மகன் இளவயசு ராஜா, இதுக்கு மேல காஸ்டிங்ல என்ன பொருத்தம் வேணும்.

இங்கிலீஷ் பேசுறப்பவும் போஸ்மன் ஆப்பிரிக்க வாடைய விடல. வகாண்டா யாருக்கும் அடிமையா இருந்ததில்லன்னா அந்த ராஜா ஏன் லண்டன்ல படிச்ச மாதிரி பேசணும்னு வாதாடுனாரு. எனக்கு அது ரொம்பப் பிடிச்சுது. ஆக்சென்ட்டுங்கறது நாக்கு சமாச்சாரம் மட்டும் இல்ல, அந்தக் கதாபாத்திரத்தோட சரித்திரம்னு புரிஞ்ச நடிகன் அவரு.

குறையும் இருக்கு. என்கூட ஆபீஸ்ல ம்தாத்தா ஊர்க்காரர் ஒருத்தர் இருக்காரு, நான் பூட்டின்னு கூப்பிடுவேன், கோசாவுல அண்ணன் மாதிரி. படம் பாத்துட்டு வந்து அவரு சொன்னது, "ராஜா பேசுறது புரியுது, ஆனா எங்க ஊர்ல பொறந்தவன் இல்ல, டியூஷன் போயிருக்கான்." கூடவே ஒவ்வொரு ஆளா எண்ணிக் காட்டுனாரு, ஒருத்தி கென்யா, ஒருத்தி ஜிம்பாப்வேல வளந்தவ, ஒருத்தன் லண்டன், மலைக்கூட்டத்துத் தலைவன் பேசுறது நைஜீரியா வாடை, ஒரே நாட்டுல எப்படிய்யா இத்தன வாய்னு. அவரு சொன்னது வாஸ்தவம். ஆனா ராஜாவே சறுக்குன எடத்துல ஜான் கானி வாயைத் தொறந்ததும் தியேட்டர்ல முன்வரிசைல ஒரு சத்தம் வந்துச்சு பாருங்க, நம்ம ஊர்ல தலைவர் என்ட்ரிக்கு வருமே, அந்த மாதிரி.

கோசாவுல நடுநடுவுல வருமே, அந்த "டக்" சத்தம் எப்படிப் போடுறாங்க?

உங்களுக்கு ஏற்கனவே தெரியும். யாராவது விழுந்துட்டா "அய்யோ பாவம்"னு உச்சுக்கொட்டுறீங்கள்ல, அதேதான் கோசாவுல ஒரு எழுத்து. மாட்ட ஓட்டுறப்ப கன்னத்துப் பக்கம் நாக்க இழுத்து ஒரு சத்தம் போடுவோமே, அது ரெண்டாவது. பாட்டில் மூடி தொறக்குற மாதிரி மேலண்ணத்துல அடிக்கிறது மூணாவது. நம்மகிட்ட எல்லா சத்தமும் இருக்கு, எழுத்துதான் இல்ல. கோசாங்கற பேரோட மொத எழுத்தே அந்த மாட்டு ஓட்டுற சத்தம்தான், நான் பூட்டி முன்னாடி அத சொல்லிப் பாத்து ரெண்டு வருஷமா சிரிப்பு வாங்கிட்டிருக்கேன்.

காஸ்ட்யூமையும் எடை போடணுமா?

போடுங்க, அதுவும் பேசுது. பிளாக் பேந்தர்ல ராணியம்மா தலைல வட்டமா விரிஞ்ச ஒரு தொப்பி வச்சிருப்பாங்க, அது இங்க ஸூலு ஜனங்கள்ல கல்யாணமான பொம்பளைங்க போடுற இசிச்சோலோ. டர்பன்ல வாரக்கடைசி கல்யாண வீட்டுப் பக்கம் போனா நேர்லயே பாக்கலாம். படத்துக்கு அத 3டி பிரின்ட்ல பண்ணிருக்காங்க. வகாண்டாவோட எல்லையக் காக்குற கூட்டம் போத்திருக்குற கம்பளி பக்கத்து நாடு லெசோத்தோக்காரங்க போத்துறது, மலைக்குளிருக்கு ஆனது, சண்டைல அது கேடயமா விரியும். ரூத் கார்ட்டருக்கு அந்த டிசைனுக்கு ஆஸ்கர் கெடச்சுது. எனக்கு என்ன தோணும்னா, போட்டிருக்குறவன் அந்தத் துணிய எப்படிப் போத்திருக்கான்னு பாக்கணும், ஃபோட்டோ எடுக்க வந்தவன் மாதிரியா, குளுருக்குப் போத்துனவன் மாதிரியா. இதுல பெரும்பாலும் ரெண்டாவது.

டோன் டோன்னு சொல்றீங்களே, அப்படின்னா என்ன?

சுருதி. கச்சேரில தம்பூரா பின்னாடி ஓடிட்டே இருக்கும், நீங்க கவனிக்க மாட்டீங்க, ஆனா பாடுறவரு ஒரு எடத்துல வெலகுனா சங்கீதம் தெரியாதவனுக்கும் மூஞ்சி சுளிக்கும். படத்தோட டோனும் அப்படித்தான். சிரிப்புப் படமா இருக்கட்டும், அழுகைப் படமா இருக்கட்டும், மொத பத்து நிமிஷத்துல என்ன சுருதி புடிச்சாங்களோ அதுலயே நின்னு சிரிக்கணும், நின்னு அழணும்.

சுருதி வெலகுனதுக்கு என்ன உதாரணம்னு கேட்டா 2017 ஜஸ்டிஸ் லீக். எடுத்துட்டிருந்த ஸாக் ஸ்னைடர் வீட்டுல பெரிய துக்கம், அவரு வெலகிட்டாரு, இன்னொரு டைரக்டர் ஜாஸ் வீடன் வந்து பல சீன திரும்ப எடுத்தாரு. மொத ஆளு எழவு வீடு மாதிரி எடுத்து வச்சிருக்காரு, ரெண்டாவது ஆளு நடுவுல நடுவுல ஜோக்க சொருகுறாரு, ஒரே ரூம்ல ரெண்டு ரேடியோ ஓடுற மாதிரி. அதுல சூப்பர்மேனா நடிச்ச ஹென்றி கேவில் வேற படத்துக்கு மீசை வளத்திருந்தாரு, அத எடுக்கக் கூடாதுன்னு ஒப்பந்தம், அதனால கம்ப்யூட்டர்லயே மீசைய அழிச்சாங்க, மேலுதடு ரப்பர் மாதிரி ஆயிடுச்சு. படம் ஆரம்பிச்ச மொத நிமிஷத்துலயே சூப்பர்மேன் நம்மளப் பாத்து பேசுறாரு, நாம உதட்டையே பாத்துட்டிருக்கோம். 2021ல ஸ்னைடரோட நாலு மணி நேர வெர்ஷன் வந்துச்சு. ரொம்ப நீளம், ரொம்ப ஸ்லோ, எல்லாம் ஒத்துக்குறேன், ஆனா ஒரே சுருதி. அதனால உக்காந்து பாத்தேன், சாப்பாட்டுக்கு மட்டும் எந்திரிச்சேன்.

ஜோக்கே கூடாதுன்னு நான் சொல்லல. 2017லயே வந்த தோர் ராக்னராக் மொத சீன்லேர்ந்தே கிண்டல் சுருதி, தோர்ங்கற கடவுளயே சங்கிலில சுத்த விட்டு பேச வைக்கிறாங்க, அது எனக்கு ஓகே. ஆனா கடைசில தோரோட சொந்த ஊரே வெடிச்சு அழியுறப்ப பக்கத்துல நிக்கிற கல்லு மனுசன் ஒரு ஜோக் அடிப்பான் பாருங்க, அங்க எனக்கு உள்ளுக்குள்ள ஒண்ணு அறுந்துச்சு. எங்க செட்டுல பாதிப்பேரு அந்த எடத்துல விழுந்து விழுந்து சிரிச்சாங்க. சாட்ஸ்வொர்த் தம்பி ஒருத்தன், "அண்ணா, நீங்க ரொம்ப லார்னி, சிரிக்கவே மாட்டீங்க"ன்னான். லார்னின்னா இந்த ஊர்ல பெரிய மனுசன், மொதலாளி மாதிரி, கிண்டலா சொல்றது. சரிடா, ஊரே போயிடுச்சு, ஒரு நிமிஷம் சும்மா இருக்கலாம்ல.

படம் இருட்டா, மழையா, சோகமா இருந்தா அது சீரியஸ் படமா?

இல்ல, லைட்ட அணைச்சா வீடு சீரியஸ் ஆயிடுமா. அப்படிப் பாத்தா லோட்ஷெடிங்னு முறை வச்சு கரண்ட் கட் பண்ணி, அது ஸ்டேஜ் 6 வரைக்கும் ஓடுன காலத்துல எங்க ஏரியா முழுக்க உலக சினிமாதான்.

மியூசிக் டோனுக்கு எவ்ளோ முக்கியம்?

நெறைய. பிளாக் பேந்தருக்கு மியூசிக் போட்ட லுட்விக் கோரன்சன் சுவீடன்காரரு, ஆனா ஸ்டூடியோவுலயே உக்காந்துக்கல. செனகல் போயி கேட்டாரு, எங்க ஈஸ்டர்ன் கேப்ல மக்கண்டாங்கற நெஜ ஊர்ல ஆப்பிரிக்க இசையப் பதிஞ்சு சேத்து வச்சிருக்குற ஒரு பெரிய லைப்ரரி இருக்கு, அங்கயும் போயி கேட்டாரு. ராஜாவுக்குன்னு வர்ற சத்தம் ஒரு பேசுற மேளம். நம்ம உடுக்கை இருக்குல்ல, இடுப்பு ஒடுங்குனது, கயித்த அழுத்துனா சத்தம் ஏறி எறங்கும், அதுவும் அதே மாதிரிதான். படத்துல அது அடிச்சப்ப எனக்கு இங்க ஆடில மாரியம்மன் கோயில்ல கூழு ஊத்துறப்ப கேக்குற உடுக்கைதான் ஞாபகம் வந்துச்சு, கை மயிரு நின்னுச்சு. வில்லனுக்கு ஒரு புல்லாங்குழலு, அதுக்கு அடில அமெரிக்கத் தெருவுல ஓடுற ட்ராப் பீட்டு. அவன் யாரு, எங்க வளந்தான்னு அவன் வாயைத் தொறக்குறதுக்கு முன்னாடியே காது சொல்லிடுது. அந்த மியூசிக்குக்கும் ஆஸ்கர்.

படத்தோட வந்த பாட்டு ஆல்பத்துல டர்பன் லாமண்ட்வில் பொண்ணு பேப்ஸ் வோடுமோவும் பாடியிருக்கா. அவ பாடுறது க்கோம், டர்பன் டவுன்ஷிப்ல, அதாவது கறுப்பின ஜனங்க குடியிருப்புல, பொறந்த இசை, மினிபஸ் டாக்ஸில ஏறுனா நெஞ்சு எலும்பு அதிரும். அந்தப் பேரோட மொத எழுத்தும் பாட்டில் மூடி சத்தம்தான்.

கதை நல்லாருக்கான்னு எப்படி கண்டுபுடிக்கிறது? எல்லாம் ஒரே மாதிரிதான இருக்கு?

நான் ஆயாகிட்ட சொல்லிப் பாப்பேன். நான் குடியிருக்குற வீட்டு ஓனரோட அம்மா, 80 தாண்டுனவங்க, இந்த ஊர்த் தமிழ்க் குடும்பங்கள்ல பாட்டிய ஆயான்னுதான் கூப்பிடுவாங்க, அதனால எனக்கும் ஆயா. தென்னாப்பிரிக்காவுக்கு டிவியே 1976லதான் வந்துச்சு, அதுவரைக்கும் எல்லாம் பயாஸ்கோப்புதான், எம்ஜியார் படமெல்லாம் அங்கதான் பாத்தாங்களாம். படம் பாத்துட்டு வந்த மறுநாள் அடுப்படில அவங்க டபுள் பீன்ஸ் உரிச்சிட்டிருப்பாங்க, நானும் ஒரு கை உரிச்சிக்கிட்டே கதைய சொல்லுவேன். அவங்க ஹீரோவப் பத்தி ஒண்ணும் கேக்க மாட்டாங்க. வில்லனப் பத்தி ரெண்டே கேள்வி, "அவன் யாரு வூட்டுப் புள்ள?", "அவனுக்கு இன்னா வோணுமாம்?"

ஒரு படத்துக்கு இப்படிப் போச்சு (பேர் வேண்டாம், பல படத்துக்கு இதே கதைதான்).

"வானத்துல ஒரு ஓட்டை போடணுமாம் ஆயா."

"போட்டு?"

"ஒலகத்தையே அழிச்சிடுவான்."

"அழிச்சிட்டு அவன் எங்க குந்துவான்?"

என்கிட்ட பதில் இல்ல. அந்தப் படத்த எழுதுனவங்ககிட்டயும் இல்ல.

பிளாக் பேந்தர சொன்னப்ப கதையே வேற. 1992ல அமெரிக்கா ஓக்லண்ட்ல ராஜா தன் சொந்தத் தம்பியவே கொன்னுடுறாரு, தம்பியோட பையன் சின்னவன், அவன அங்கயே விட்டுட்டு ஊருக்குப் போயிடுறாங்க, அவன்தான் வளந்து வில்லனா திரும்பி வர்றான்னு சொன்னேன். ஆயா கை நின்னுடுச்சு. "புள்ளைய ஏன் வுட்டுட்டுப் போனானுங்க?" மேல சண்டை, நீர்வீழ்ச்சி எல்லாம் சொல்லப் பாத்தேன், அவங்க அங்கயே நின்னுட்டாங்க, உரிச்ச பீன்ஸத் தோலுப் பக்கமே போட்டுட்டிருந்தாங்க. 1860ல மொதக் கப்பல் வந்ததுலேர்ந்து கரும்புத் தோட்டத்துக்குக் கூலியா கூட்டிட்டு வந்த ஜனங்களோட பேத்தி அவங்க. கடல் தாண்டி விட்டுப்போன புள்ளைன்னா அவங்களுக்கு சும்மா ஒரு கதை இல்ல. படத்துல ராஜாவும் செத்துப்போன அப்பாகிட்ட இதே கேள்வியத்தான் போயி கேக்குறான், ஏன் விட்டுட்டு வந்தீங்கன்னு. அந்தக் கேள்விக்கு நல்ல பதிலே கெடையாதுங்கறதுதான் அந்தக் கதையோட பலம். வில்லன் கேக்குறது நியாயம், அவன் பண்றது அநியாயம், நடுவுல ஹீரோ மாட்டிக்கிட்டு முழிக்கணும், அப்பதான் கதை.

அதே படத்துலயே கதை வழுக்குன எடமும் இருக்கு. ராஜாவோட உயிர் நண்பன் ரெண்டு சீன்ல கட்சி மாறிடுறான், அவ்ளோ பெரிய நடிகர் டேனியல் கலூயாவ வச்சுக்கிட்டு அந்த மனசு மாறுறத அவசரமா முடிச்சிட்டாங்க. கடைசி சண்டை சுரங்கத்துல ரெண்டு கருப்பு ட்ரெஸ்ஸும் மோதிக்குது, வீடியோ கேம் மாதிரி, யாரு யாருன்னே தெரியல. முகமூடி கழண்டு ரெண்டு பேரும் சூரியன் எறங்குறதப் பாக்க உக்காருறப்பதான் படம் திரும்ப உயிரோட வருது.

ஊரையே ஒடைக்கிறாங்களே, அதுக்கு யாரு பொறுப்பு?

நல்ல கேள்வி, இதுல எனக்கு ஒரு தீராத மனக்குறை. 2015ல வந்த அவெஞ்சர்ஸ்: ஏஜ் ஆஃப் அல்ட்ரான்ல ஹல்க்கும் அயர்ன்மேனும் மோதுற பெரிய சண்டைய 2014ல எங்க ஜோபர்க் (ஜோஹன்னஸ்பர்க்) டவுன்லயே எடுத்தாங்க, ரோட்ட எல்லாம் மூடிட்டு. நம்ம ஊரு பில்டிங் திரைல நொறுங்குறப்ப என்னா கைதட்டு. அடுத்த வருஷம் சிவில் வார்ல ஒரு மந்திரி வந்து நீங்க ஒடைச்ச ஊரெல்லாம் பாருங்கடான்னு அவங்களுக்கு லிஸ்ட் போட்டுக் காட்டுறாரு, நியூயார்க், வாஷிங்டன், சொகோவியா, லாகோஸ். முடிஞ்சுது. ஜோபர்க்? காணோம். இல்லாத ஊரு சொகோவியாவுக்குக்கூட கணக்கு இருக்கு. இது சின்ன விஷயம்னு நெனக்காதீங்க, ஒடைச்ச ஊர ஞாபகம் வச்சிருக்குற படமா இல்லயாங்கறதும் கதை சரிபாக்குறதுல ஒண்ணு.

முன்னாடி வந்த இருவது படத்தையும் பாத்தாதான் புரியுமா?

அப்படின்னா அது படமில்ல, பாடப்புத்தகம். பக்கத்து சீட்டுல உக்காந்தவன் காதுல நீங்க மூணு தடவைக்கு மேல விளக்கம் சொன்னீங்கன்னா தப்பு படத்து மேல.

நீளம்?

அவெஞ்சர்ஸ் எண்ட்கேம் 181 நிமிஷம், ஒருத்தனும் எந்திரிக்கல. சில படம் ரெண்டு மணி நேரம்தான், நான் ரெண்டு தடவை பாத்ரூம் போயிட்டு வந்தேன், ரெண்டு தடவையும் அதே ரெண்டு பேரு அதே கூரை மேலதான் நின்னு அடிச்சிட்டிருந்தாங்க.

சின்னப் பசங்கள கூட்டிட்டுப் போலாமா?

இங்க போஸ்டர் கீழ வயசு போட்டிருப்பாங்க, அதப் படிங்க மொதல்ல. 10-12பிஜின்னு இருந்தா பத்துக்குக் கீழ ஆகாது, பத்துலேர்ந்து பன்னெண்டு வயசுக்காரங்க பெரியவங்க கூட வரணும். 7-9பிஜியும் அதே கணக்குதான், ஏழுக்குக் கீழ வேண்டாம். பக்கத்துல எழுத்தும் இருக்கும், வி போட்டிருந்தா அடிதடி, எல்னா கெட்ட வார்த்தை, ஹெச்னா பயமுறுத்துறது. ஐஏடின்னு ஒண்ணு இருக்கு, பசங்க பாத்துட்டு அதே மாதிரி செஞ்சு பாக்கக்கூடிய ஆபத்தான வேலைங்க இருக்குன்னு அர்த்தம். அத நான் ரொம்ப மதிக்கிறேன், ஏன்னா எங்க செட்டுலயே ஒரு அக்கா பையன் துண்ட கழுத்துல கட்டிக்கிட்டு பீரோ மேலேர்ந்து பறந்து, முழங்கைல மாவுக்கட்டோட அடுத்த வாரம் க்ளாசுக்கு வந்தான். கட்டுல கையெழுத்துப் போடுன்னு எல்லார்கிட்டயும் நீட்டுறான், தமிழ்லதான் போடணுமாம்.

நம்ம ஊரு சூப்பர்ஹீரோ படத்துக்கும் இதே தராசா?

அதே தராசுதான், ஏழைங்கன்னு எடைக்கல்ல மாத்தக் கூடாது. கிராஃபிக்ஸ் காசு கம்மி, அது மன்னிப்பு. கதைக்குக் காசு ஆகாது, அதுக்கு மன்னிப்பு கெடையாது.

2021ல வந்த மின்னல் முரளி மலையாளப் படம், ஆனா வில்லனா வர்றது நம்ம குரு சோமசுந்தரம், கூத்துப்பட்டறைலேர்ந்து வந்தவரு. ஒரே நேரத்துல ரெண்டு பேர மின்னல் அடிக்குது, ஒருத்தன் தையல்காரன், ஒருத்தன் டீக்கடைல வேலை பாக்குற, ஊரே பைத்தியம்னு ஒதுக்கி வச்ச ஆளு. இந்த ரெண்டாவது ஆளுதான் வில்லன், அவனுக்கு வேண்டியது ஒலகம் இல்ல, சின்ன வயசுலேர்ந்து நெனச்சிட்டிருக்குற ஒரு பொண்ணு. அவ சரின்னு சொல்ற எடத்துல அந்த மனுசன் மூஞ்சி இருக்கே, சிரிப்பும் அழுகையும் ஒண்ணா வந்து எதுக்கு எடம் விடுறதுன்னு தெரியாம திக்குது. கோடிக்கணக்கான டாலர் போட்டு எடுத்த ஊதா கலர் வில்லன்கிட்ட அது இல்ல. ஆயாவோட ரெண்டு கேள்விக்கும் அந்தப் படம் ஃபுல் மார்க்.

2023ல மாவீரன். சிவகார்த்திகேயன் பயந்தாங்கொள்ளி, காமிக்ஸ் வரையுறவன், அவனுக்கு மட்டும் ஒரு குரல் கேக்கும், விஜய் சேதுபதி குரல். பறக்குறதில்ல, லேசர் இல்ல, காதுல ஒரு குரல், அதுதான் பவர். குடிசைல இருந்தவங்கள ஒரு புது அடுக்குமாடில கொண்டுபோயி போடுறாங்க, சுவரத் தொட்டா உதிருது. இத ஆயா கூட உக்காந்து வீட்டு டிவில பாத்தேன். மேகஸின் பாரக்ஸ்னு டர்பன் முனிசிபாலிட்டி வேலைக்காரங்க குடியிருப்பு இருந்துச்சு, பெரும்பாலும் தமிழும் தெலுங்கும், 1960கள்ல அவங்கள எல்லாம் காலி பண்ணி சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்புனாங்க. ஆயா அங்க பொறந்தவங்க. குடும்பங்க மூட்டை முடிச்சோட மாடி ஏறுற சீன் வந்ததும், "எங்களுக்கும் சாவி குடுத்தானுங்க, கதவு மூடல"ன்னாங்க. அதுக்கப்புறம் அந்தக் குரல் என்ன சொல்லுதுன்னு அவங்க கேட்ட மாதிரி நான் தியேட்டர்ல யாரும் கேட்டுப் பாத்ததில்ல. ரெண்டாம் பாதில படம் கொஞ்சம் தொங்குச்சு, அது எனக்குத்தான் தெரிஞ்சுது.

ஸ்பாய்லர் சொல்லலாமா?

ஆயாவுக்கு மட்டும்.

படத்துக்கு நடுவுல கரண்ட் போனா?

போயிருக்கு. எந்தத் தியேட்டர்னு வேண்டாம். சரியா க்ளைமாக்சுக்கு முன்னாடி திரை செத்துச்சு, ஜெனரேட்டர் எடுக்க பத்து நிமிஷத்துக்கு மேல ஆச்சு. கும்மிருட்டு, ஏசி நின்னு வேர்வை வேற. நான் என்ன நெனச்சேன்னா, எல்லாரும் காசு திரும்பக் கேட்டு சத்தம் போடுவாங்கன்னு. ஆனா முன்னாடி வரிசைல ஒரு குட்டிப் பையன் சத்தமா இங்கிலீஷ்ல கேட்டான், அவன் அம்மாகிட்ட உண்மைய சொல்லிட்டானா இல்லயான்னு. யாரு ஜெயிப்பான்னு கேக்கல பாருங்க. பின்னாடி எங்கயோ ஒரு ஸூலு அம்மா குரல், "நாட் யெட், மை பேபி." உடனே நாலு பக்கமும் ஆரம்பிச்சாங்க, சொல்லணும், சொல்லக்கூடாது, சொன்னா அந்தம்மா தாங்குமான்னு, மொகந்தெரியாதவங்கல்லாம் இருட்டுல பஞ்சாயத்து. படம் சுமாருதான்னு அதுவரைக்கும் மனசுல எழுதி வச்சிருந்தேன், அழிச்சிட்டேன்.

கடைசில எத்தன ஸ்டார் கொடுப்பீங்க?

ஸ்டார்லாம் கெடையாது. திரும்பப் பாப்பேன், டிவில வந்தா பாப்பேன், பன்னி சௌ வாங்கிக் கொடுத்தா பாப்பேன், மூணே ரகம்.

ஆயாவ ஒரு தடவை தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போலாம்ல?

கேட்டுப் பாத்தாச்சு. படி ஏற முடியாது, உள்ள குளுரும், சத்தம் காதக் கிழிக்கும், எதுக்கு, நீதான் வந்து சொல்வியேன்னாங்க. ஆனா பாப்கார்ன் டப்பாவ மட்டும் தூக்கிப் போடாம கொண்டாரச் சொல்வாங்க, அந்தப் பெரிய படம் போட்ட டப்பா. அடில ஆணில ஓட்டை குத்தி மண்ணு போட்டு பின்வாசப்படில வரிசையா வச்சிருக்காங்க. பிளாக் பேந்தர்ல மொளகா நாத்து, தோர்ல கொத்தமல்லி. சூப்பர்மேன்ல போட்ட கறிவேப்பிலை மட்டும் ரெண்டு தடவையும் புடிக்கல, இந்த மழைக்குத் திரும்ப ஒண்ணு வச்சிருக்காங்க.